ரசனை யார் வீட்டுச் சொத்து?

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் நண்பர்கள் சேர்ந்து ஒரு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வேன் வாடகைக்குப் பணம் திரட்டினோம். அப்போது நான் மதிக்கிற தோழர் ஒருவர் கேட்டார்: “ஆணவக் கொலை நடக்குது, ஸ்காலர்ஷிப் வந்து சேரல. இந்த நேரத்துல பானை ஓடு பாக்கப் போறது அவசியமா தோழர்?”

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர், கலை ரசனை என்பது ரத்தத்தில் வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்று பேசியிருந்தார். இருவரும் எதிரெதிர் முகாம். ஆனாலும் ஒரு புள்ளியில் சந்திக்கிறார்கள்: கலை நமக்கானதல்ல.

முதலில் பேராசிரியருக்கு. ரத்தத்தில் வருவதாகச் சொல்லப்படும் எதையும் சந்தேகப்பட வேண்டும் என்பது சாதி நமக்குக் கற்றுத்தந்த பாடம். தமிழகத்தின் மிகச் சிறந்த சிற்பங்கள் எங்கே இருந்தன? கோயில்களுக்குள். உள்ளே போகும் உரிமை யாருக்கு இருந்தது? கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று தீர்ப்பு வாங்கினார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்தது 1939-இல். மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். என் ஆச்சி அதற்கு முன் பிறந்தவர். பிறந்த ஊர்க் கோயிலைப் பற்றிக் கேட்டால், தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் பற்றி மட்டும்தான் சொல்வார். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

அதே காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து, பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1913-இல் ஒரு கட்டுரையே எழுதினார். பாரிஸில் இருந்தவருக்குப் புகைப்படமாவது கிடைத்தது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு மதிற்சுவர்தான் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பார்க்கவே விடாமல் வைத்துவிட்டு, பிறகு “இவர்களுக்கு ரசனை இல்லை” என்று சொல்வதற்குப் பெயர் அழகியல் அல்ல, சாதித் திமிர்.

ரசனை பயிற்சியால் வருவது. 1966-இல் பியர் பூர்தியுவும் அலன் டார்பெலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வருவோரை ஆய்ந்து இதைத்தான் நிறுவினார்கள். இயல்பான கலையார்வம் என்று தோன்றுவது, பள்ளியும் குடும்பமும் ஊட்டி வளர்த்தது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, பார்க்கக் கற்றுத்தர வேண்டும்.

இதை நான் அனுபவித்தே அறிவேன். 21 வயதில் முதல்முறை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெண்கலச் சிலைகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது முறை உடன் வந்த தோழி, மெழுகில் உருவம் செய்வது, அதன்மேல் வண்டல் மண் பூசுவது, சூடுகாட்டி மெழுகை வடிப்பது, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். அன்றுதான் சாமிக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் கையைப் பார்த்தேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம்.

அதற்காக அருங்காட்சியகத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. 1851-இல் தொடங்கப்பட்ட அதே சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன்தான், நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியல் போட்டார். தங்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவாரோ என்று பணியர் பெண்கள் பயந்ததை அவரே எழுதியிருக்கிறார். கோயில் சிலையைக் ‘கலை’ என்றும் உழைக்கும் மக்களின் கருவிகளை ‘மானுடவியல்’ என்றும் பிரித்து வைக்கும் பழக்கம் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. நாம் உள்ளே போகாதவரை இந்தப் பிரிவினையை யார் கேள்வி கேட்பது?

இனி தோழருக்கு. கீழடி போய்வந்தோம். அங்கே சுடுமண் தக்களி இருந்தது. அதன் முன்னால் நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை, “எங்க ஆச்சி தார் சுத்துவாவல்லா, அந்த மாதிரி வேலையாக்கா இது?” என்று கேட்டாள். ஆமாம், நூல் வேலைதான் என்றேன். “அப்ப நம்ம வேலையும் கண்ணாடிக்குள்ள இருக்கு” என்றாள். பானை ஓட்டில் தமிழி எழுத்தில் ‘ஆதன்’ என்று கீறியிருந்ததைப் பையன்கள் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய பெயர். ராசா பெயரா என்று ஒருவன் கேட்டான். பானை வைத்திருந்தவர் பெயராக இருக்கும் என்றேன். அவனால் நம்பவே முடியவில்லை.

மகாடில் 1927-இல் அம்பேத்கர் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக நாம் அங்கே போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்றார். அருங்காட்சியகமும் அப்படி ஒரு பொதுக் குளம்தான். ஸ்காலர்ஷிப்புக்காகப் போராடுவோம், ஆணவக் கொலைக்கு எதிராகவும் போராடுவோம். ஆனால் வயிற்றுக்கும் உயிருக்கும் மட்டுமே நாம் போராட வேண்டும், அழகு அவர்கள் பங்கு என்று யார் பாகம் பிரித்தது?

எனவே கேட்போம். ஒவ்வோர் அரசுப் பள்ளி மாணவரையும் ஆண்டுக்கு ஒருமுறை அரசு செலவில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகட்டும். பார்க்கக் கற்றுத்தரும் ஆளும் உடன் வரட்டும். காட்சிப் பொருளின் கீழே எந்த அரசன் காலம் என்பதோடு, எந்தத் தொழிலாளர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் எழுதட்டும். பறையும் தறியும் கலைக்கூடத்துக்குள் வரட்டும்.

அடுத்த பயணம் எழும்பூருக்கு. தோழர், வேனில் உங்களுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறோம்.