சிவத்தம்பியைத் தேடும் மாணவர்

கார்த்திகேசு சிவத்தம்பியின் திணைக் கோட்பாடு பற்றிய ஆங்கிலக் கட்டுரை 1974இல் 'சோஷியல் சயின்டிஸ்ட்' இதழில் வந்தது. பண்டைத் தென்னிந்தியச் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் ஐந்திணை வழியே படித்துக் காட்டிய கட்டுரை அது. சங்க இலக்கியம் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகள் பலவும் அதன் கருத்தை எடுத்தாள்கின்றன. அடிக்குறிப்பில் இருப்பதோ வேறொருவர் எழுதிய தமிழ்ப் புத்தகம். அதன் அடிக்குறிப்பில் இன்னொரு புத்தகம். மூலக் கட்டுரை ஜேஸ்டோர் தளத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகச் சந்தா இல்லாதவர்கூடத் தனிக் கணக்கு தொடங்கி அங்கே மாதம் 100 கட்டுரைகள் வரை வாசிக்கலாம்.

வாய்ப்பு இல்லை என்று இனிமேல் எளிதில் சொல்லிவிட முடியாது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு ரூ. 6,000 கோடி; 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசுப் பல்கலைக்கழக மாணவருக்கு இவை திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரிகளை முதல் கட்டத்தில் சேர்க்காதது பெரிய குறை. தமிழ்நாட்டு மாணவர்களில் எத்தனை பேர் அங்கே படிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் கதவு திறந்திருக்கும் இடங்களிலும் தேடும் முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ் ஆய்வாளருக்கு இது கூடுதல் இடர். சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் எஸ் எழுத்தில் தொடங்குவோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒலிபெயர்ப்பைப் பின்பற்றும் அறிஞர்கள் சகரத்துக்கு ஆங்கில சி எழுத்தைப் போடுவார்கள். தகரத்துக்கு டி மட்டும் போடுபவர் உண்டு, எச் சேர்ப்பவரும் உண்டு. சிவத்தம்பியின் பெயருக்கும் இதே கதிதான். தரவுத்தளம் நாம் தட்டிய எழுத்துகளைத்தான் ஒப்பிடும். ஆகவே தெரிந்த எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும், 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பேரெழுத்தில் இடையிட்டு, ஒரே தேடலில் கொடுக்க வேண்டும்.

தலைப்பை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பின் தலைப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்'. அந்தத் தலைப்பில் குறுந்தொகை என்ற சொல்லும் இல்லை, அகம் என்ற சொல்லும் இல்லை. திணையைத் தேடுபவர் நிலக்காட்சி, கவிதையியல், சூழலியல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டால் போதும். அதன் அடிக்குறிப்புகள் முந்தைய ஆய்வுகளுக்குக் கூட்டிச் செல்லும். அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் பிந்தைய ஆய்வுகளுக்குக் கூட்டிச் செல்லும். நூலகரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இவ்வளவும் பழகிவிடும். முதலாண்டு ஆய்வு மாணவருக்கு அந்த அரை மணியைப் பாடத்திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

தமிழிலேயே எழுதப்பட்டவற்றின் நிலை இன்னும் வருத்தமானது. சோத்கங்கா தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் குவிந்திருக்கின்றன. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் ஆய்வேடுகளும், படமாக ஸ்கேன் செய்து ஏற்றியவையும் உள்ளடக்கத் தேடலுக்கு அகப்படுவதில்லை. ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய பக்கங்கள் அடுத்தவர் கண்ணில் படாமலேயே கிடக்கின்றன. 'எழுத்து', 'கசடதபற' முதலான சிற்றிதழ்களின் விமர்சனக் கட்டுரைகளை உலக ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் தேடிப் பயனில்லை. ஈழத்து வெளியீடுகளைச் சேகரிக்கும் 'நூலகம்' இணையதளத்தார் பல இதழ்களின் உள்ளடக்கத்தைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, இதழ்வாரியாகத் தந்திருக்கிறார்கள். தன்னார்வலர்களின் கை சேர்ந்த அந்த உழைப்பை மனதாரப் போற்றுகிறோம். தமிழ்நாட்டுச் சிற்றிதழ்களுக்கும் இதை யாராவது செய்தாக வேண்டும். முதலில் அவரவர் இதழுக்கு அவரவர்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு கட்டுரையுடனும் ஐந்து வரி ஆங்கிலச் சுருக்கமும், ஆசிரியர் பெயரின் ஆங்கில வடிவமும், தேடுசொற்களும் அச்சாகும். ஆசிரியர் தம் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்த வேண்டுகிறோம். படைப்புகளை யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள். பழைய இதழ்களுக்கான ஆசிரியர், பொருள் அடைவைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். தொடக்க கால இதழ்கள் சில எங்களிடமே இல்லை. வைத்திருப்பவர்கள் தெரிவித்தால் நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறோம்.