பியேர் வரவில்லை

போன வருஷம் பெரியப்பாவைக் கோரிமேடு ஜிப்மரில் சேர்த்திருந்தோம். வார்டில் சும்மா உட்காரும் நேரத்தில் மூளையை வளர்க்கலாமே என்று சார்த்தரின் 'பீயிங் அண்ட் நத்திங்னெஸ்' புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். 'இருத்தலும் இன்மையும்' என்று தமிழில் சொன்னால் சித்தர் பாட்டு மாதிரி இருக்கும். ஏமாறாதீர்கள். பாரிஸ் ஜெர்மன்காரன் பிடியில் இருந்த 1943-ல் வந்த புத்தகம். பிரெஞ்சில் 700 பக்கத்துக்கு மேல். சரியாக ஒரு கிலோ இருந்ததால் எடைக்கல்லாகப் பயன்பட்டது என்று ஒரு கதை உண்டு. பத்துப் பக்கம் தாண்டியதும் அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

பெரியப்பா சொல்தா. அதாவது, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அட்டையைப் பார்த்து "ழான்-போல் சார்த்ர்" என்று சுத்தமாக உச்சரித்தார்.

"படிச்சிருக்கீங்களா பெரியப்பா?"

"பட்டாளத்துல இதையெல்லாம் எவன்டா படிப்பான்? நாளைக்கு நாலு மணிக்கு வீட்டுக் காபி கொண்டா."

எனக்கு விளங்கிய இடம் ஒன்றே ஒன்று. நாலு மணிக்குப் பியேர் என்ற நண்பரைக் காபிக்கடையில் பார்க்க வேண்டும். சார்த்தர் கால் மணி லேட். பியேரோ நேரம் தவறாதவர். கடையில் ஆட்கள், மேஜைகள், கண்ணாடிகள், புகை, பேச்சு. ஆனால் ஒவ்வொரு முகமும் 'நான் பியேர் இல்லை' என்று பின்னால் நழுவுகிறது. பியேர் இல்லாததுதான் கடை முழுக்கத் தெரிகிறது. வெலிங்டன் பிரபுகூடத்தான் அங்கே இல்லை. அது யாருக்கு உறைக்கும்? எதிர்பார்த்தவர் இல்லாவிட்டால்தான் 'இல்லை' என்பது கண்ணில் படும் என்கிறார். இதற்கா ஒரு கிலோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராஜீவ் காந்தி சிக்னலில் பஸ் மாட்டிக்கொண்டது. வார்டுக்குள் நுழையும்போது நாலே கால்.

கட்டில் காலி. விரிப்பை மாற்றி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார். யாரோ பன் பிய்த்துத் தின்கிறார்கள். ஒரு அம்மா ஆரஞ்சு உரிக்கிறார். எதுவுமே கண்ணில் நிற்கவில்லை. நர்ஸ் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தார். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே!

அவரே திரும்பிப் பார்த்தார். "தாத்தாவையா தேடறீங்க? எக்ஸ்ரேக்குப் போயிருக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வீல்சேர் வந்தது.

"மணி என்னடா?"

"நாலரை பெரியப்பா."

"நாலுன்னுதானே சொன்னேன்? காபி ஆறியிருக்கும்."

"ஆறல. பிளாஸ்க்லதான் இருக்கு."

மூடியைத் திறப்பதற்குள் பாதி கொட்டிவிட்டது.