டி-டெஸ்ட் போட்டாச்சா?

செகண்ட் ரிவியூவுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல்ல கண்டிப்பா ஒரு ரூம்ல இந்தக் கேள்வி கேட்கும்: "மச்சி, ரெண்டு டிசைனைக் கம்பேர் பண்ணணும், எந்த டெஸ்ட் போடறது?" பதிலும் ரெடியா வரும்: "டி-டெஸ்ட் போட்டுட்டுத் தூங்குடா." போன செமஸ்டர்ல அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்.

எங்க ப்ராஜெக்ட் ஒரு கேன்டீன் டோக்கன் ஆப். முதல் ஸ்கிரீனுக்கு ரெண்டு டிசைன் வெச்சிருந்தோம். கிளாஸ் பசங்களைக் கூப்பிட்டு, முதல்ல பழைய டிசைன்ல ஒரு டோக்கன் எடுக்கச் சொன்னோம், அப்புறம் புதுசுல. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சோம். எக்செல்ல டி-டெஸ்ட் ஃபார்முலா போட்டா பி-வேல்யூ 0.05-க்கு மேல வந்துச்சு. முகம் தொங்கிப்போச்சு. அந்த ஃபார்முலாவுல கடைசியா 'டைப்'னு ஒண்ணு கேட்கும், 1, 2, 3 ஏதாவது கொடுக்கலாம். 2-ஐ அழிச்சிட்டு 1 போட்டோம். 0.05-க்குக் கீழ இறங்கிடுச்சு. கத்தின கத்துல பக்கத்து ரூம்காரன் எழுந்து வந்துட்டான்.

இதுல காமெடி என்னன்னா, 1 தான் சரி! அது ஜோடி டெஸ்ட். ஒரே ஆள் ரெண்டு டிசைனையும் பயன்படுத்தியிருந்தா அதைத்தான் போடணும். 8 பேர்னு வெச்சுக்கோங்க. ஒருத்தருக்கு 20 செகண்ட், இன்னொருத்தருக்கு 90 செகண்ட் ஆகுது. ஆனா 8 பேருமே புது டிசைன்ல 4, 5 செகண்ட் சீக்கிரம் முடிக்கிறாங்க. தனித்தனி கூட்டமா பார்த்தா, ஆளுக்கு ஆள் இருக்கிற பெரிய வித்தியாசத்துல இந்த 4 செகண்ட் மூழ்கிடும். ஒவ்வொருத்தரையும் அவங்களோடவே ஒப்பிட்டாத்தான் தெரியும். ரெண்டு டிசைனும் ஒண்ணுதான்னா, 8 பேரும் புதுசு பக்கமே சாயறது நாணயம் சுண்டி 8 தடவையும் தலை விழற மாதிரி, 256-ல 1.

நாங்க அந்த 1-ஐ எடுத்தது இதெல்லாம் தெரிஞ்சு இல்ல. நம்பர் நல்லா வந்துச்சுன்னுதான். 3 போட்டு வந்திருந்தா 3-ஐயே வெச்சிருப்போம்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. எல்லாருமே பழைய டிசைனைத்தான் முதல்ல தொட்டாங்க. ரெண்டாவது தடவை எந்த ஆப்பா இருந்தாலும் கை பழகியிருக்கும். அப்போ சீக்கிரம் முடிச்சது டிசைனாலயா, பழக்கத்தாலயா? இதை எந்த டெஸ்டாலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. பாதிப் பேரைப் புதுசுல ஆரம்பிக்க வெச்சிருந்தா போதும்.

அதனாலதான் சொல்றேன், எந்த டெஸ்ட்னு கேட்க வேண்டிய நேரம் ரிவியூ ராத்திரி இல்ல, முதல் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி. யார் எதைத் தொடப்போறாங்க, எதை அளக்கப்போறோம்னு முடிவு பண்ணிட்டா டெஸ்ட் கிட்டத்தட்ட தானா வந்துடும். முடிச்சாரா இல்லையான்னு மட்டும் பார்த்தா டி-டெஸ்டே வேண்டாம். வேற வேற ஆளுங்கன்னா கை-ஸ்கொயர், ஆளு ரொம்பக் கம்மின்னா ஃபிஷர். ஒரே ஆளுங்கன்னா மெக்நீமர். அது ஒண்ணுல ஜெயிச்சு இன்னொண்ணுல தோத்தவங்களை மட்டும்தான் எண்ணும். நேரத்தை அளந்தா, நடுவுல முழிச்சிக்கிட்டு நின்ன ஒருத்தர் சராசரியையே இழுத்துடுவார். லாக் எடுத்துட்டு டெஸ்ட் போடறது நல்லது. (டி-டெஸ்டைக் கண்டுபிடிச்ச காசெட், டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேலை பார்த்தவர். 1908-ல 'ஸ்டூடன்ட்'ங்கிற புனைபெயர்ல வெளியிட்டார். நமக்குன்னே செஞ்சதுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.)

டிசைன் ரெண்டுக்கு மேல போனா இன்னும் ஆபத்து. கூகுள்ல 41 நீல ஷேடுகளைச் சோதிச்ச கதையை, 2009-ல அங்கிருந்து விலகின டிசைனர் டக்ளஸ் போமன் எழுதியிருந்தார். 41-ஐ ரெண்டு ரெண்டா ஒப்பிட்டா 820 ஜோடி. ஒரு வித்தியாசமும் இல்லன்னாலும், 0.05 கணக்குல சராசரியா 41 ஜோடி 'ஜெயிச்சுடும்'. நாம டைப் 1, 2, 3-ன்னு மாத்திப் பார்க்கிறதும் இதோட சின்ன வெர்ஷன்தான்.

பழியை நம்ம மேல மட்டும் போடவும் மாட்டேன். ரிவியூ பேனல்ல முதல் கேள்வியே "ரிசல்ட் சிக்னிஃபிகன்ட்டா?"ங்கிறதுதான். "இல்ல சார்"னு சொல்றவனுக்கு மார்க் குறையும்னா யார் சொல்வாங்க? ஆளுங்களை எப்படிப் பிரிக்கப்போறோம், எந்த டெஸ்ட், ஏன்னு ஜீரோத் ரிவியூலயே ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கட்டும். கடைசில அந்தப் பக்கத்தை வெச்சு மார்க் போடட்டும், பி-வேல்யூவை வெச்சு வேண்டாம்.

நாங்க ஜூனியர்ஸை வெச்சு மறுபடி எடுத்தோம். பாதிப் பேர் புதுசுல ஆரம்பிச்சாங்க. டெஸ்டை முன்னாடியே எழுதி வெச்சுட்டோம். இந்தத் தடவை 0.05-க்குக் கீழ வரல. ரிப்போர்ட்ல அப்படியே போட்டிருக்கோம். வைவா அடுத்த மாசம்.