சீர்மிகு நகரம் யாருக்கு?

"ஸ்மார்ட் சிட்டி" என்றும், "சீர்மிகு நகரம்" என்றும் ஒரு பேச்சு நமது நாட்டில் பத்து வருஷ காலமாக நடந்து வந்தது. 2015-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி மத்திய அரசாங்கத்தார் இத்திட்டத்தை ஆரம்பித்தார்கள். 100 நகரங்களைப் பொறுக்கி எடுத்து, 48,000 கோடி ரூபாய் கொடுப்பதாகச் சொன்னார்கள். அய்ந்து வருஷத்தில் முடியவேண்டிய காரியம், தவணைமேல் தவணை பெற்று 2025 மார்ச் 31-ந் தேதியோடு முடிவுற்றது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, வேலூர், திருப்பூர், நெல்லை, தூத்துக்குடி, ஈரோடு ஆகிய 11 ஊர்கள் இதில் சேர்ந்தன. கலியாணம் முடிந்து பந்தலையும் பிரித்தாய்விட்டது. இனியாவது செலவுக் கணக்கைப் பார்க்க நமக்குப் பாத்தியம் உண்டா, இல்லையா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். நாம் இயந்திரத்திற்கு விரோதிகளல்ல. மலக்குழியில் மனிதன் இறங்குவதைவிட இயந்திரம் இறங்குவதே மேல் என்று சொல்லுகின்றவர்கள் நாம். தண்ணீர்க் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகின்றது என்று ஒரு கருவி காட்டுமானால், அதை இன்றைக்கே வாங்க வேண்டியதுதான். ஆனால், கருவி வந்து இறங்கிய மாத்திரத்தில் ஊருக்கு அறிவு வந்துவிடும் என்று நம்புவதற்கும், தாயத்துக் கட்டினால் காய்ச்சல் தீரும் என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்கின்றோம்.

100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு அறைகள் அமைத்திருக்கின்றார்கள். சுவர் முழுவதும் திரைகள். தெருத் தெருவாகக் காமிராக்கள். நல்லது. சென்னை தியாகராய நகரில் இத்திட்டத்தின்கீழ் பாண்டிபஜாரில் அகன்ற நடைபாதை போட்டு 2019-ல் திறந்தார்கள். நடப்பவர்களுக்கு அது சௌகரியமே. ஆனால் 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் நின்றது. தெருவில் தண்ணீர் நிற்பதைக் காமிரா காட்டும். அதை வடியவைக்க ஜலதாரைதானே வேண்டும்?

பணம் எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். ஒரு நகரத்தில் உள்ள பகுதியைத் திருத்துவதானால் 500 ஏக்கர் இருந்தால் போதும் என்பது விதி. பணத்தில் பெரும்பகுதி இப்படிப் பொறுக்கி எடுத்த பகுதிகளுக்கே போயிற்று. அதே 2015 ஜூன் 25-ந் தேதி, குடிதண்ணீருக்கும் சாக்கடைக்குமாக "அம்ருத்" என்று மற்றொரு திட்டமும் ஆரம்பித்தார்கள். அதற்கு ஒதுக்கியது 50,000 கோடி, ஊர்கள் 500. அதாவது, குடிதண்ணீருக்காக 500 ஊர்களுக்கு ஒதுக்கிய அளவுக்கு ஏறக்குறைய, மினுக்குக்கு 100 ஊர்களுக்கு ஒதுக்கினார்கள். 2011 ஜனக்கணக்குப்படி நகரசபை, பேரூராட்சி முதலிய சட்டபூர்வமான நகரங்கள் இந்நாட்டில் 4,041. மற்ற சிற்றூர்வாசிகள் வரி கொடுக்கவில்லையா? அவர்களுக்குத் தாகம் எடுப்பதில்லையா?

இது நிற்க, இவை எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. இத்திட்டத்தை நடத்துவதற்காக ஊருக்கு ஊர் கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனி ஏற்படுத்தினார்கள். அதில் மாகாண அரசாங்கத்துக்குப் பாதி, நகரசபைக்குப் பாதி பங்கு. அந்த நகரசபையிலாவது ஜனப் பிரதிநிதிகள் இருந்தார்களா? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகரசபைகளின் காலம் முடிந்தது. மறுதேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். அய்ந்து வருஷத்திற்கு மேலாக ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அதிகாரிகளின் ஆட்சி. அந்தக் காலத்தில்தான் இந்த 11 ஊர்களிலும் கோடி கோடியாக வேலை நடந்தது. வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டைப் புதுப்பித்ததற்கு "அறிவுள்ள நகரம்" என்று பெயர்!

"அப்படியானால் வேறு எப்படித்தான் செய்வது?" என்று சிலர் கேட்கலாம். எஸ்டோனியா என்கின்ற சிறு நாடு 1991-ல்தான் சோவியத் ஆட்சியிலிருந்து விலகிற்று. அங்கே டார்ட்டு என்று ஓர் ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குள். அவ்வூரில் 2013 முதல் நகரசபைப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று ஊரார் யோசனை சொல்லி, ஊராரே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கின்றார்கள். சோவியத் காலத்துப் பழைய அடுக்குவீடுகளைக் குளிர் தாங்கும்படி புதுப்பித்தபோதும், அவ்வீட்டுக்காரர்களின் சங்கங்கள் சம்மதித்த பிறகே கை வைத்தார்கள். அவர்களிடமும் கருவி இருக்கின்றது. ஆனால் முதலில் மனிதனைக் கேட்டார்கள். பிறகுதான் கருவியை வைத்தார்கள்.

நமது ஊர்களில் என்ன நிலைமை? மனிதனைக் கொண்டு மலம் அள்ளக்கூடாதென்று 2013-லேயே சட்டம் செய்தாய்விட்டது. அதன் பிறகும் மலக்குழியில் இறங்கி விஷவாயுவால் செத்தவர்கள் அனேகர். அவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழிக்குள் ஒரு மனிதனை இறக்கிவிட்டு மேலே காமிரா வைத்திருக்கின்ற ஊர், எத்தனை விளக்குப் போட்டாலும் இருட்டூர்தான் என்று தைரியமாய்ச் சொல்லுவோம்.

தோழர்களே! திட்டம் முடிந்தாலும் கேள்வி முடியவில்லை. நாளைக்கு வேறு பெயரில் வேறு திட்டம் வரும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. நகரங்களில் பகுதி சபை கூட்டுவதற்கு 2022-ல் விதிகளும் செய்யப்பட்டிருக்கின்றன. போய்க் கேளுங்கள்: எங்கள் வார்டுக்கு என்ன செலவாயிற்று? யார் தீர்மானித்தார்கள்? குழியில் மனிதன் இறங்குவது நின்றதா? இம்மூன்று கேள்விகளையும் பயமில்லாமல் கேட்கின்ற ஜனங்கள் எந்த ஊரில் இருக்கின்றார்களோ, அதுவே அறிவுள்ள நகரம். அது பத்துத் தெருக்கள் மட்டுமே உள்ள பேரூராட்சியானாலும் சரியே.