எல்லையில் இடமுண்டு, கணக்கில் இடமில்லை: கிரேட் நிக்கோபாரின் முன்னாள் படைவீரர்கள்

முன்னாள் படைவீரர்களின் வீடின்மை, போதைப் பழக்கம், தற்கொலை ஆகியவை குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவையும் பிரிட்டனையும் களமாகக் கொண்டவை. இந்தியாவில் இப்பொருள் எழுந்தால் விவாதம் ஓய்வூதியத்தோடு முடிந்துவிடுகிறது. ஓய்வூதியம் வருகிறது, குடும்பம் இருக்கிறது, சொந்த ஊர் இருக்கிறது; ஆதலால் இங்கே வீரர் நிர்க்கதியாவதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஊரையும் உறவையும் விட்டு அரசே அழைத்துச் சென்று குடியமர்த்திய வீரர்களின் நிலையைக் கொண்டு இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

1969 முதல் 1980 வரை ஏறத்தாழ 330 முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கிரேட் நிக்கோபாரில் குடியேற்றப்பட்டன. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் காடு திருத்தினர். காம்ப்பெல் பேயை ஒட்டிய கிழக்குக் கரையில் கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் ஆகிய ஊர்கள் உருவாயின. அக்காடு ஷோம்பென், நிக்கோபாரிய மக்களின் வாழ்நிலம் என்பது தனியே பேசவேண்டிய வரலாறு. எல்லைத் தீவொன்றில் மக்கள் இருப்பை நிலைநாட்டுவது அரசின் நோக்கம். ஆகவே, சீருடையைக் களைந்த பின்னும் அவ்வீரர்கள் ஒருவகையில் பணியிலேயே இருந்தனர்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அந்தக் கரையை அழித்தது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வயலும் தோப்பும் கடலுக்குள் போயின. பிழைத்தோர் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பிறகே நிரந்தர வீடுகள் கிடைத்தன. இப்போது துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை உள்ளடக்கிய பெருந்திட்டம் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற அத்திட்டத்தின் விமான நிலையம் காந்தி நகர், சாஸ்திரி நகர்ப் பகுதிக் குடியேறிகளின் நிலத்தைக் கோருகிறது. ஒரே குடும்பம் மூன்றாம் முறை வேர் பிடுங்கப்படும் நிலை இது. வீடின்மை என்பது நடைபாதையில் உறங்குவது மட்டுமன்று. நிலைத்த இருப்பிடம் திரும்பத் திரும்பப் பறிபோவதும் வீடின்மையே.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்தமான் நிக்கோபாரில் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 42.8. நாட்டின் சராசரி 12.4. அதற்கு முந்தைய ஆண்டில் நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் இத்தீவுகளுடையதே. மக்கள்தொகை குறைந்த பகுதியில் சில இறப்புகளே விகிதத்தை உயர்த்திவிடும் என்பது உண்மை. எனினும் ஆண்டுதோறும் அது உச்சத்திலேயே நிற்பதைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது. இறந்தோருள் முன்னாள் படைவீரர் எத்தனை பேர் என்பதற்கு அவ்வறிக்கையில் விடையில்லை. தொழில்வாரிப் பட்டியலில் 'ஓய்வுபெற்றோர்' என்னும் பொதுப்பிரிவு உண்டு. முன்னாள் படைவீரருக்குத் தனிப்பிரிவு இல்லை. எண்ணப்படாத துயரத்துக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

உதவியை அடைவதற்கு அடுத்த தடை தொலைவு. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் சிறப்பு மருத்துவம் வேண்டுமெனில் காம்ப்பெல் பேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, இன்று ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படும் போர்ட் பிளேருக்குச் செல்லவேண்டும். கப்பலும் ஹெலிகாப்டரும் வானிலையை நம்பியவை. எலும்பு முறிந்தவருக்காக ஊரே கூடிப் பயணத்துக்கு வழி செய்யும். உறக்கமிழந்து, குடியை நிறுத்த முடியாமல் தவிப்பவர் தம் நோயை எவரிடம் சொல்லி இருக்கை கேட்பார்?

மற்றொரு தடை வரையறையில் இருக்கிறது. ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக்குறைவுக்காகவோ பணிநீக்கப்பட்டவர் சட்டப்படி 'முன்னாள் படைவீரர்' ஆகார். இராணுவத்தில் நான்கு 'சிவப்பு மை' தண்டனைப் பதிவுகள் பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம். குடிப்பழக்கம் அத்தகைய பதிவுகளுக்கு இட்டுச் செல்லக்கூடியது. நான்கு பதிவுகள் மட்டுமே போதா, சூழ்நிலையை விசாரித்தே முடிவெடுக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் மிகுகுடியால் நேர்ந்த உடற்கேட்டுக்கு ஊன ஓய்வூதிய விதிகள் இழப்பீடு மறுக்கின்றன. அதே நேரத்தில் படைக் கான்டீன் தகுதிநிலைக்கேற்ப மாதந்தோறும் மலிவு விலையில் மது வழங்குகிறது. பழக்கத்தை உரிமையாக அளித்துவிட்டு, அதன் விளைவைக் குற்றமாகக் கருதும் முரண் இது. உதவி மிகத் தேவைப்படுபவரே உதவியின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

நிறுவனங்கள் இல்லாமலில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவினர் அந்தமானில் மனநலப் பணியாற்றினர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல மருத்துவத்தை உரிமையாக்கியது. 2020இல் கடலடிக் கேபிள் கிரேட் நிக்கோபாரை எட்டியது. 2022இல் டெலி மனாஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. இவற்றை இணைத்து, காம்ப்பெல் பே மருத்துவமனையில் குறித்த நாட்களில் தொலைவழி மனநல ஆலோசனையும் ஆண்டுக்குச் சில முறை மருத்துவர் வருகையும் ஏற்பாடு செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. போதை மீட்புச் சிகிச்சையைப் பணிநீக்கக் காரணத்தோடு பிணைக்காமல், சீருடை அணிந்த ஒவ்வொருவருக்கும் வழங்கலாம். தற்கொலைப் பதிவில் முன்னாள் படைவீரருக்கென ஒரு பிரிவு சேர்ப்பதற்கும் பெருஞ்செலவு ஆகாது. நிலம் கையகப்படுத்துவதன் சமூகத் தாக்க மதிப்பீட்டில் மனநலமும் இடம்பெறவேண்டும்.

பயனடைவோர் சில நூறு குடும்பங்களே, இதற்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கப்படலாம். அந்தச் சில நூறு குடும்பங்கள் அங்கே வாழ்வது நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது எனக் கருதித்தான் அரசு அவர்களைக் குடியேற்றியது. குடியேற்றும்போது சிறிதாகத் தோன்றாத எண்ணிக்கை, மருத்துவரை அனுப்பும்போது மட்டும் சிறிதாகிவிடலாகாது.

(மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ உள்ளவர்கள், அவர்களின் குடும்பத்தார், டெலி மனாஸ் எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.)