சுங்கம் கேட்கும் சாலை எச்சரிக்கையும் சொல்லட்டும்

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்குப் போகும் புறவழிச்சாலை வழியாகப் போத்தனூரிலுள்ள வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். முப்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி பனி இறங்கியிருந்தது. சாலையின் நடுவே ஒரு வேப்பங்கிளை கிடக்கக் கண்டு, காற்றில் முறிந்து விழுந்திருக்கும் என்று எண்ணியவாறே வேகத்தைத் தணித்தேன். சற்றுத் தள்ளி வரிசையாக மூன்று கற்கள். அதற்கும் அப்பால், பின்விளக்கு எதுவும் எரியாமல், கம்பி ஏற்றிய லாரி ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. கிளீனர் பையன் ஓடிவந்தான். "அச்சு முறிஞ்சு போச்சுங்கய்யா, பேட்டரியும் இறங்கிருச்சு. வர்றவங்களுக்குத் தெரியட்டும்னு தழைய ஒடிச்சுப் போட்டனுங்க" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள், இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த மொபெட்காரர் ஒருவர், கடைசிக் கணத்தில் கிளையைக் கண்டு வண்டியை வெட்டித் திருப்பி, லாரிக்கும் சாலையோரத்து மண்ணுக்கும் இடையே புகுந்து தப்பிப் போனார். கேன் ஒன்று லாரியின் பின்பலகையில் உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பையன் செய்த காரியம், முன்னே இருக்கும் அபாயத்தைப் பின்னால் வருபவனுக்குத் தெரிவிப்பது. அதற்கு அவனிடம் இருந்த சாதனம் ஒரு வேப்பந்தழை. எதிரே வருகிற லாரிக்காரர் விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டுவதும், மலைப்பாதை வளைவில் ஹாரனை நீட்டி அடிப்பதும் இதே ஜாதியைச் சேர்ந்த செய்திகள்தாம். நம் ஜனங்களுக்கு ஒருவரையொருவர் எச்சரிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் நிரம்ப இருக்கிறது. ஆனால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதையும், அபாயத்தைக் கண்ட கண் காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒன்றரை விநாடி ஆகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே 33 மீட்டர் கடந்துவிடுகிற அந்த வண்டிக்கு, முப்பது அடியில் கிடக்கும் தழை என்ன பிரயோஜனப்படும்?

இந்த விஷயத்தில் போத்தனூர்க்காரனாகிய எனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். சென்னையிலிருந்து மேற்கே வந்த ரயில் பாதை 1862-ஆம் ஆண்டிலேயே எங்கள் ஊரைத் தொட்டுவிட்டது. மேட்டுப்பாளையம் கிளை போடப்பட்டுக் கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வந்ததோ 1873-இல்தான். ஓடுகிற வண்டிக்கு நிற்கிற பாதை செய்தி சொல்லியாக வேண்டும் என்பதை நாங்கள் அன்று முதல் கண்ணெதிரே கண்டு வருகிறோம். கிளைப்பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தில் டோக்கனைக் கோத்து நீட்ட, ஓட்டத்திலேயே அதைக் கையில் மாட்டிக்கொண்டால்தான் அடுத்த ஸ்டேஷன் வரையில் பாதை தன்னுடையது என்று டிரைவர் துணிந்து போகலாம் என்ற விதியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சமிக்ஞைக் கருவிகளுக்கென்றே ஒரு ரயில்வே பணிமனை இன்றும் இவ்வூரில் இயங்குகிறது. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அவருடைய கண்ணை மட்டும் நம்பி ஆயிரம் பிராணன்களை ஒப்படைப்பதற்கில்லை என்பதே ரயில்வே தன் தொடக்க காலத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். அந்தப் பாடத்தின் இன்றைய வடிவம் 'கவச்'. தண்டவாளத்தில் பதித்த சில்லுகளும் ஸ்டேஷனில் நிற்கும் வானொலிக் கோபுரமும் என்ஜினோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, சிவப்பு விளக்கை டிரைவர் கவனியாமல் விட்டாலும் யந்திரமே பிரேக் போட்டுவிடுகிறது. 2022 மார்ச்சில் செகந்திராபாத் பகுதியில், ரயில்வே மந்திரி தாமே என்ஜினில் ஏறி அமர்ந்து இதைச் சோதித்துக் காட்டினார்.

இதைவிடப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. போத்தனூரைத் தாண்டி எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே காட்டுக்குள் பிரிந்து செல்லும் இரண்டு பாதைகளை, இங்கே எல்லோரும் ஏ டிராக், பி டிராக் என்பார்கள். 2021 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, நவக்கரை அருகே மங்களூர் - சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் மாண்டன. வயிற்றில் கன்றைச் சுமந்திருந்த யானையும் அவற்றில் அடக்கம். அந்தச் செய்தியைக் கேட்ட தினத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனம் கலங்காதவர் எவருமில்லை. அதன் பிறகு, 2024 பிப்ரவரியில், வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் மதுக்கரைக் காட்டில் பன்னிரண்டு கோபுரங்களை நிறுத்தி, உடற்சூட்டைக் கொண்டே இருட்டில் யானையை அடையாளம் காணும் காமிராக்களை அவற்றில் பொருத்தியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் என்ஜின் டிரைவருக்கும் போகிறது. வண்டி வேகம் தணிகிறது. அதற்குப் பின் அந்தப் பகுதியில் ரயிலில் அடிபட்டு யானை இறக்கவில்லை என்று வனத்துறை சொல்கிறது. யானைக்குச் செய்தது மிகவும் சரியான காரியம். அதே மலையடிவாரத்தில், தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடுகிற நெடுஞ்சாலையில் போகும் மனிதனுக்கு அதைச் செய்யாதிருப்பதற்கு மட்டும் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சாலைக்கு அந்த வித்தை தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக், கம்பியில்லா வழியில் சாலையும் காரும் பேசிக்கொள்வதன்றி வேறென்ன? கண்ணாடியில் ஒட்டிய வில்லைக்குள் பேட்டரிகூடக் கிடையாது. சுங்கச்சாவடியின் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி பெற்று, அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிடுகிறது. பணம் வாங்குவதற்காக நம் சாலை காரிடம் பேசக் கற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சாவடியைத் தாண்டியதும் அது ஊமையாகிவிடுகிறது. அடுத்த வளைவில் லாரி அச்சு முறிந்து நிற்பதைச் சொல்ல ஒரு பையனும் ஒரு வேப்பங்கிளையும்தான் மிச்சம்.

அந்த வில்லைக்குச் சில மீட்டர் தூரம் வரைதான் பேச முடியும். உயிர்காக்கும் பேச்சுக்கு அது போதாது. அதற்கென்று வகுக்கப்பட்ட முறையில், ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், போகும் திசை, வேகம், பிரேக் பிடித்திருக்கிறதா என்ற விவரங்களை விநாடிக்குப் பத்து முறை சில நூறு மீட்டர் தூரத்துக்கு அறிவித்துக்கொண்டே செல்கிறது. சாலையோரக் கம்பத்திலுள்ள கருவி அதைக் கேட்பதோடு, சிக்னல் எப்போது மாறும், எங்கே வேலை நடக்கிறது, எங்கே வண்டி நின்றுவிட்டது என்பதைத் தானும் சொல்கிறது. பனியும் இருட்டும் வானொலி அலையை மறைப்பதில்லை. முந்நூறு மீட்டருக்கு முன்பே செய்தி கிடைத்தால் எண்பது கிலோமீட்டர் வேகத்திலும் ஏறக்குறைய பதின்மூன்று விநாடி அவகாசம் உண்டு. ஒரு மனிதன் நிதானமாகப் பிரேக் பிடித்து ஒதுங்குவதற்கு அது தாராளம். நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்டும் ஜப்பானியர், சந்திப்புகளில் வலப்புறம் திரும்பும்போது எதிர்வண்டியையும் பாதசாரியையும் காணத் தவறுகிறவர்களைக் கம்பத்துக் கருவி எச்சரிக்கும் ஏற்பாட்டை 2015-லேயே கார்களில் கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவிலோ 1999-இல் இதற்கென 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கிவிட்டு, கம்பம் வரட்டும் என்று கார் செய்பவரும், கார் வரட்டும் என்று சாலை போடுபவரும் காத்திருந்ததில் இருபது ஆண்டுகள் வீணாகி, 2020-இல் அதில் பெரும்பகுதியை வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சாலை சர்க்காருடையது, ஆகையால் முதற்சொல்லைச் சாலைதான் பேச வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் அபிப்பிராயம்.

இந்த நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் இறந்தோர் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாம்தான் முதல் மாநிலம்: 64,105. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்பதால், விலையுயர்ந்த கார்கள் தமக்குள் பேசிக்கொள்வதால் பால்காரருக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கருவி இல்லாதவனுக்கும் கம்பம் பேச வேண்டும். வளைவுக்கு முன்னால் ஒரு பலகை. அதன் பின்னால் வண்டி நின்றதையும் மாடு குறுக்கே வந்ததையும் உணரும் ஒரு கருவி. அபாயம் உள்ளபோது மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு. மொபெட்காரருக்கு இது போதும். வானொலிக் கருவியை முதலில் பொருத்த வேண்டியவை லாரிகளும் அரசுப் பேருந்துகளும் 108 ஆம்புலன்ஸும். அவை மோதினால் சாகிறவர் பெரும்பாலும் எதிரே வரும் எளியவர்தாம் என்பதால், அவற்றை எச்சரிப்பதே இவரைக் காப்பதாகும்.

வண்டி சொல்லும் செய்தியில் ஆளின் பெயரோ வண்டியின் எண்ணோ இருக்கக் கூடாது என்பதிலும், அதைச் சேமித்து வைத்து அபராதம் விதிக்கவோ வேவு பார்க்கவோ கூடாது என்பதிலும் சட்டம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம்பிக்கை கெட்டால் ஜனங்கள் கருவியைக் கழற்றி எறிவார்கள்.

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டத்தை 2021-இல் கொண்டுவந்த மாநிலம் இது. அதற்காக நாம் பெருமைப்படலாம். அடிபடுமுன் கிடைக்க வேண்டிய பதின்மூன்று விநாடியையும் அதே அரசுதான் தர வேண்டும். நீலாம்பூர் - மதுக்கரைச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று இப்பகுதி மக்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். அந்த வேலைக்கு மதிப்பீடு போடுகிற அதிகாரிகளை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: தார், ஜல்லி, தடுப்புக் கம்பி ஆகியவற்றின் செலவை எழுதும் அதே தாளில், கேபிளுக்கான குழாய்க்கும் எச்சரிக்கைக் கம்பங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள், சாலை போட்டு முடித்த பிறகு தோண்டுவதற்கு ஒருவரும் பணம் தரமாட்டார்கள்.