கொடியை முதலில் தூக்கியது யார்?

வெளிநாட்டு ராக் கச்சேரிக்குப் போகிறவர்கள் தேசக்கொடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும், இசைக்கு எல்லை கிடையாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அயர்ன் மெய்டன் குழுவின் கச்சேரியை அவர் பார்த்ததில்லை போலும். ‘தி ட்ரூப்பர்’ பாட்டு வந்ததும் பாடகர் புரூஸ் டிக்கின்சன் சிவப்புப் பட்டாளக் கோட்டை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கொடியை ஆட்டுவார். பாட்டின் பொருளே 1854 கிரிமியப் போரின் குதிரைப்படைத் தாக்குதல்தான். மேடையில் ஆட்டினால் கலை, அதைப் பார்க்க லண்டன்வரை வந்த சிலி நாட்டு ரசிகர் தன் கொடியை ஆட்டினால் வெறியா?

எல்லையே இல்லை என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்டில் தி கில்லர்ஸ் குழு ஜார்ஜியாவில் கண்டது. அதன் பாடகர் பிராண்டன் ஃபிளவர்ஸ் ஒரு ரஷ்ய ரசிகரை டிரம்ஸ் வாசிக்க மேடையேற்றினார். கூட்டம் கூச்சலிட்டது. அந்த ரசிகரைச் சகோதரராகப் பார்க்க முடியாதா என்று ஃபிளவர்ஸ் வேறு கேட்டார். பலர் எழுந்து போய்விட்டார்கள். 2008 போருக்குப் பிறகு அப்காசியாவிலும் தெற்கு ஒசேத்தியாவிலும் ரஷ்யப் படை உட்கார்ந்திருக்கும் நாடு அது! மறுநாள் குழு மன்னிப்புக் கேட்டது.

பின்னால் நிற்பவருக்குக் கொடி மறைக்கிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கம்பை வாசலிலேயே வாங்கி வைக்கட்டும். துணியை விட்டுவிடுங்கள்.